உறையாத உறை

மலர்க்குழுவினர் எம்மிடம் வந்து, விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று கேட்டபோது, தமிழாசிரியர் ஒருவரிடம் அவர்கள் எதிர்பார்த்தது யாது என்பதை நாம் அறியாமல் இல்லை. சங்கச் செய்யுளின் நயத்தையோ, திருமுறைகளின் சிறப்பையோ, இலக்கண நுட்பம் ஒன்றையோ எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். அவற்றை எழுதவல்லார் எம்மினும் மூத்தோர் பலர் இம்மலரை அணிசெய்கின்றனர். நாம் எழுதப் புகுந்ததோ பற்றீரியா என்னும் நுண்ணங்கியின் கலமென்சவ்வைப் பற்றி. தமிழ் வாத்தியாருக்கு இஃது எதற்கு என்று வாசிப்போர் நகைத்தலும் கூடும். நகைத்த பின் சற்றே பொறுத்து வாசிக்குமாறு வேண்டுகின்றோம். மாணாக்கன் ஒருவனுக்கு நாம் செலுத்தவேண்டிய பழங்கடன் ஒன்று இதனுள் அடங்கியிருக்கின்றது.

2013 ஆம் ஆண்டு, பதினோராந் தர மாணாக்கர்க்குத் தவணைப் பரீட்சையில் "தன்னிலை தவறாமை" என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்திருந்தோம். விடைத்தாள்கள் வந்தன. எல்லாவற்றிலும் அரிச்சந்திரன் சுடலை காத்தான். கன்னன் கவசத்தை அறுத்துக் கொடுத்தான். இவ்வாறு எழுத வேண்டும் என்று கற்பித்தவர் நாமே ஆதலின், அவற்றிற்கெல்லாம் மகிழ்ந்து புள்ளி வழங்கினோம். ஒரு விடைத்தாள் மாத்திரம் வேறுபட்டிருந்தது. பற்றீரியா, குளிர் வந்துற்றபோது தன் மென்சவ்விலுள்ள கொழுப்பை மாற்றிக்கொள்கிறது என்றும், அவ்வாறு மாற்றுவது மென்சவ்வின் இளக்கம் மாறாதிருத்தற்பொருட்டே என்றும், ஆகவே மாறத் தெரிந்த உயிரே தன்னிலை தவறாது நிற்கின்றது என்றும் அம்மாணாக்கன் எழுதியிருந்தான். தமையனுடைய உயர்தரக் குறிப்புக்களிலிருந்து அவன் இதனைப் பொறுக்கினான் என்று பின்னர் அறிந்தோம். நாம் சிவப்பு மையினால் "பொருத்தமற்ற உதாரணம்" என்று ஓரத்தில் எழுதி, 20 இற்கு 11 புள்ளி இட்டோம்.

மறுநாள் அவன் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றான். "சேர், நான் எழுதினது பிழையோ, இல்லாட்டிப் பொருத்தமில்லையோ?" என்று பணிவாகக் கேட்டான். "இரண்டுந்தான்" என்றோம். அவன் வணங்கிச் சென்றான். பொருத்தமின்மை எமது கருத்து. அதனைக் கூறும் உரிமை எமக்கு இருந்தது. ஆனால் அவன் எழுதியது பிழையா, சரியா என்பதை நாம் அன்று அறியோம். அறியாத ஒன்றை அறிந்தார் போன்று கூறிவிட்டோம். அடுத்த தவணையில் அவன் அரிச்சந்திரனையே எழுதினான். 17 புள்ளி பெற்றான். அதனை எமது கற்பித்தலின் வெற்றி என்றே அன்று கருதினோம். அதன்பின் அவன் தன் சொந்த உதாரணம் ஒன்றையேனும் எமது பாடத்தில் எழுதவில்லை என்பது வெகுகாலத்தின் பின்னரே எமக்கு உறைத்தது.

ஈராண்டு கழிந்தது. உயிரியல் ஆசிரியர் விடுப்பிலிருந்த ஒருநாள், அவரது வகுப்பைப் பார்த்துக்கொள்ளுமாறு அதிபர் எம்மைப் பணித்தார். மாணாக்கர் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்தனர். ஒருவர் கொப்பியில், வாலிரண்டு தொங்கும் சிறு வட்டங்களை வரிசையாக வரைந்து, அவற்றின் எதிரே வால்கள் மேனோக்கிய மற்றொரு வரிசையை வரைந்துகொண்டிருந்தார். இஃது யாது என்றோம். "கலமென்சவ்வு, சேர்" என்றார். சிவப்பு மையினால் எழுதிய அந்த இரண்டு சொற்களும் நினைவுக்கு வந்தன. மறுநாள் உயிரியல் ஆசிரியரை அணுகி, குளிர் வந்தாற் பற்றீரியா தன் கொழுப்பை மாற்றுவது உண்மையோ என்று வினவினோம். அவர் எம்மை வியப்போடு நோக்கி, "மார்கழி விடியற்காலையிலே தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பார்த்திருப்பீர்களே?" என்றார்.

பார்த்திருக்கின்றோம். திருவெம்பாவைக் காலத்தில் வைகறை நீராடித் தலைக்கு எண்ணெய் தடவ முற்படும்போது, போத்தலினுள்ளே தேங்காயெண்ணெய் வெண்ணிறமாக உறைந்து, கவிழ்த்தாலும் வாராது அடம்பிடிக்கும். அருகிலே நல்லெண்ணெய்ப் போத்தலும் அதே குளிரில்தான் இரவு முழுதும் இருந்தது, அதுவோ உறைவதில்லை. இரண்டும் எண்ணெயே. ஒன்று உறைவானேன்? மற்றொன்று இளகி நிற்பானேன்? இவ்வினாவுக்கு விடை அறிந்தவர், பற்றீரியாவின் இரகசியத்திற் பாதியை அறிந்தவராவர்.

எண்ணெயும் நெய்யும் கொழுப்பமிலங்களால் ஆனவை. கொழுப்பமிலம் என்பது காபன் அணுக்கள் சங்கிலிபோற் கோத்த நெடிய மூலக்கூறு. அச்சங்கிலியிலே இரட்டைப் பிணைப்பு இல்லாதவற்றை நிரம்பிய கொழுப்பமிலம் என்பர். உள்ளவற்றை நிரம்பாத கொழுப்பமிலம் என்பர். நிரம்பியவை நேரிய கழிகள் போன்றவை. அடுக்கினால் இடைவெளியின்றி நெருங்கிக் கட்டுண்டு கிடக்கும். இயற்கையில் மிகுதியாகக் காணப்படும் நிரம்பாதவையோ, இரட்டைப் பிணைப்புள்ள இடத்திலே முழங்கைபோல் வளைந்தவை. வளைந்த கொம்புகளை விறகுக்கட்டிலே நெருக்கி அடுக்க இயலாதவாறு, இவையும் நெருங்கிப் படியமாட்டா. நெருங்காதவை எளிதில் உறையமாட்டா. 18 காபன் அணுக்களையுடைய ஸ்ரியரிக் அமிலம் நிரம்பியது. அஃது ஏறத்தாழ 69 பாகை செல்சியசிலேதான் உருகும். அதே 18 காபன் அணுக்களோடு ஒரேயோர் இரட்டைப் பிணைப்பைக் கொண்ட ஒலெயிக் அமிலமோ ஏறத்தாழ 13 பாகையிலேயே உருகிவிடும். ஒரு வளைவு செய்யும் வேறுபாடு இத்துணைப் பெரிது! தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு நிரம்பியவை. ஆதலின் அஃது 24 பாகையளவிற் குளிர்ந்தாலே உறையத் தொடங்குகின்றது. நல்லெண்ணெயிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு நிரம்பாதவை.

இனி, பற்றீரியாவுக்கு வருவோம். உயிரின் அடிப்படை அலகை ஈழத்துப் பாடநூல்கள் "கலம்" என்கின்றன. தமிழகத்தார் செல் என்றும் உயிரணு என்றும் வழங்குவர். கலம் என்னுஞ் சொல் பாண்டத்தையும் குறிக்கும், மரக்கலத்தையும் குறிக்கும். உள்ளிருப்பதைச் சிந்தாமற் காத்தல் பாண்டத்தின் தொழில்; வெளியிலுள்ளதைப் புகவிடாமற் காத்தல் மரக்கலத்தின் தொழில். உயிர்க்கலத்தின் மென்சவ்வு இவ்விரண்டையும் ஒருங்கே செய்வது. அம்மட்டோ, வேண்டிய உணவை உள்ளே விடுத்து வேண்டாதவற்றை வெளியேற்றும் வாயிற்காவலும் அதன் தொழிலே. கலைச்சொல் ஆக்கியோர் நன்கே தேர்ந்தனர் என்க.

எமது குடலில் வாழும் எசரிக்கியா கோலி என்னும் பற்றீரியாவின் நீளம் ஒரு மில்லிமீற்றரின் ஐந்நூற்றில் ஒரு கூறளவே. அதனைச் சூழ்ந்த மென்சவ்வின் தடிப்போ, ஒரு மில்லிமீற்றரை இலட்சங் கூறிட்டால் வரும் ஒரு கூறினும் குறைந்தது. அம்மென்சவ்வு பொசுபோஇலிப்பிட்டு மூலக்கூறுகள் இருபடையாக நின்று ஆக்கிய உறை. ஒவ்வொரு மூலக்கூறும் நீரை விரும்பும் தலையும், நீரை வெறுக்கும் கொழுப்பமில வால்கள் இரண்டும் உடையது. தலைகள் நீரை நோக்கி வெளிப்புறத்தே நிற்க, வால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே ஒடுங்கும். மாணாக்கர் வரைந்த படம் அதுவே. இவ்விருபடை அமைப்பை 1925 இல் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் ஒல்லாந்து நாட்டு அறிஞர் இருவர் செங்குருதிக் கலங்களை ஆராய்ந்து உய்த்துணர்ந்தனர். 1972 இல் சிங்கர், நிக்கல்சன் என்னும் இருவர், இம்மென்சவ்வு அசைவற்ற சுவரன்று, புரதங்கள் மிதந்து திரியும் பாய்மப் பரப்பே என்று விளக்கினர்.

அப்பரப்பு இளகியிருத்தல் இன்றியமையாதது. மிகக் குளிர்ந்தால் வால்கள் நெருங்கிப் படிந்து மார்கழித் தேங்காயெண்ணெய் போல் இறுகும். மிதக்க வேண்டிய புரதங்கள் சேற்றிற் புதைந்த வண்டிச் சக்கரம்போற் சிக்குண்டு தொழிலொழியும். மிக வெப்பமுற்றால் வால்கள் அளவிறந்து தளர்ந்து, உறை பொத்தல் கண்ட பாண்டம்போல் ஒழுகத் தொடங்கும். மனிதருக்குக் குளிரென்றாற் போர்வை உண்டு. உள்ளே மூட்டிய குருதிச் சூடும் உண்டு. பற்றீரியாவுக்கு இரண்டும் இல. சூழலின் வெப்பநிலை எதுவோ அதுவே அதன் உடலின் வெப்பநிலை. ஆகவே அதற்கு எஞ்சிய வழி, உறையையே மாற்றி நெய்வதுதான்.

1962 இல் மார், இங்கிராம் என்னும் கலிபோர்ணிய அறிஞர் இருவர், எசரிக்கியா கோலியை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்து அதன் கொழுப்பமிலங்களை அளந்தனர். வெப்பநிலை குறையக் குறைய நிரம்பியவை குறைந்து, நிரம்பாதவை பெருகக் கண்டனர். 1974 இல் சினென்ஸ்கி என்பவர் மேலும் ஒருபடி சென்றார். 15 பாகை முதல் 43 பாகை வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் அப்பற்றீரியாவை வளர்த்து, அவற்றின் மென்சவ்விலிருந்து எடுத்த இலிப்பிட்டுக்களின் பிசுக்குமையை, அவ்வவை வளர்ந்த வெப்பநிலையிலேயே அளந்தார். பிசுக்குமை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. குளிரில் வளர்ந்ததன் கொழுப்பு வேறு, வெம்மையில் வளர்ந்ததன் கொழுப்பு வேறு. ஆயினும் அவ்வவற்றின் இளக்கம் ஒன்றே. இதனை ஒத்தபிசுக்குமை இசைவாக்கம் என்று தமிழிற் கூறலாம். எம் மாணாக்கன் ஒரு பந்தியில் எழுதியது இதுவே. அவன் ஒரு சொல்லையும் மிகுத்துக் கூறவில்லை.

குளிர் வந்ததைக் கண்ணுஞ் செவியும் இல்லாத அச்சிற்றுயிர் எங்ஙனம் அறிகின்றது? தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் ஏற்றத்தால் ஆறு வகையாக்கி, தொட்டறியும் அறிவையே முதலறிவாக வைத்தார். பற்றீரியாவை அவர் கண்டாரல்லர். எனினும் அதன் அறிவும் ஒருவகைத் தொட்டறிவே என்று கொள்ள இடமுண்டு. எசரிக்கியா கோலியில், கொழுப்பமிலச் சங்கிலியை நீட்டும் நொதியம் ஒன்று குளிரிலே முனைப்பாகவும் வெம்மையிலே மந்தமாகவும் தொழில்செய்கின்றது. 16 காபன் கொண்ட நிரம்பாத அமிலத்தை 18 காபன் கொண்ட நிரம்பாத அமிலமாக்குவது அதன் வேலை. குளிர் வந்தவுடன் அந்நொதியம் தானே விரைவுகொள்ள, வளைந்த வால்கள் புதிய மென்சவ்விற் பெருகுகின்றன. இதற்குப் புதிதாக ஒரு புரதமும் ஆக்கவேண்டியதில்லை. கட்டளையிடுவாரும் இல்லை, தொழிலாளியே வெப்பமானியுமாய் நிற்கின்றான்.

மண்ணில் வாழும் பசிலசு சப்ரிலிசு என்னும் பற்றீரியாவின் வழி வேறு. அதன் மென்சவ்விலேயே காவற்புரதம் ஒன்று பதிந்திருக்கின்றது. குளிரால் வால்கள் நிமிர்ந்து மென்சவ்வு தடிப்புறும்போது, அப்புரதம் அத்தடிப்பை உணர்ந்து, பொசுபேற்றுக் கூட்டம் ஒன்றை இரண்டாவது புரதத்திடம் கையளிக்கின்றது. அவ்விரண்டாவது புரதம் பரம்பரையலகு ஒன்றைத் தூண்ட, புதிய நொதியம் ஒன்று பிறந்து, மென்சவ்விலே முன்னரே உள்ள நேரிய வால்களில் இரட்டைப் பிணைப்பை இட்டு அவற்றை வளைக்கின்றது. உறை மீண்டும் இளகியதும் காவற்புரதம் தன் செய்தியைத் தானே அழித்துவிட, தொழில் நிற்கின்றது. ஆர்ஜென்ரீனாவின் ரொசாரியோ நகரில் டி மென்டோசா என்பாரின் குழுவினர் இதனை ஆராய்ந்து 2001 இல் வெளியிட்டனர். காவற்புரதம் மென்சவ்வின் தடிப்பையே உணர்கின்றது என்பதை 2010 இல் விளக்கினர். தொடங்கத் தெரிந்ததோடு நிறுத்தவுந் தெரிந்த அவ்வொழுங்கு எம்மை மிகவும் கவர்ந்தது.

இவற்றைக் கேட்டபோது எமக்கு வெட்கம் மிகுந்தது. ஏனெனில் இந்நெறியை நாம் ஆண்டுதோறும் வேறு பெயரிற் கற்பிக்கின்றோம். மண்ணும் குடமும் புணர்ந்தால் மட்குடம் ஆகும். ணகரம் டகரமாய்த் திரிந்தது. திரிந்ததனால் மண் கெட்டதோ? இல்லை. திரியாது நின்றிருப்பின் ஓசை இடறியிருக்கும். எழுத்துத் திரிந்தமையாலேயே சொல் தடையின்றி ஓடிற்று. தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரத்தை மூன்றாக வகுத்துக் கரும்பலகையில் எழுதிய அதே கை, அதே கருத்தை ஒரு மாணாக்கன் வேறொரு துறையிலிருந்து எடுத்துவந்தபோது சிவப்புக் கோடிட்டது.

ஆயினும் உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தல் தகாது. பற்றீரியாவுக்கு உறுதியும் இல்லை, கொள்கையும் இல்லை. அரிச்சந்திரன் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லாது விட்டான், ஆதலின் அஃது அறம். பற்றீரியா தேர்ந்து செய்வது ஒன்றுமில்லை. எண்ணிறந்த தலைமுறைகளில் அவ்வாறு மாறவல்லவை பிழைத்தன, மாட்டாதவை மறைந்தன, அவ்வளவே. அதன் இசைவாக்கத்திற்கும் எல்லை உண்டு. எசரிக்கியா கோலி ஏறத்தாழ 8 பாகைக்குக் கீழும் 48 பாகைக்கு மேலும் வளர்வதில்லை. மேலும், இத்திறமை எமக்கு எப்போதும் நன்மை தருவதும் அன்று. லிஸ்ரீரியா என்னும் நோய்தரும் பற்றீரியா, கிளைகொண்ட கொழுப்பமிலங்களைத் தன் மென்சவ்விலே மாற்றியமைத்துக் குளிரிலும் இளக்கங் காப்பது. ஆதலின் 4 பாகைக் குளிரூட்டியினுள்ளும் அது மெல்ல வளரும். குளிரூட்டியில் வைத்த உணவு எத்தனை நாளாயினுங் கெடாது என்று நம்புவோர், சிறப்பாகக் கருவுற்ற தாய்மாரும் முதியோரும் உள்ள இல்லத்தினர், இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. இவ்வெல்லைகளை எடுத்துக்காட்டி, "உன் உவமை இவ்விடத்திற் பொருந்தும், இவ்விடத்திற் பொருந்தாது" என்று அன்று கூறியிருப்போமாயின், அது கற்பித்தலாய் இருந்திருக்கும். "இரண்டுந்தான்" என்றது கற்பித்தல் அன்று, கதவைச் சாத்துதல்.

உறை என்னுஞ் சொல்லுக்குப் போர்வை என்பது ஒரு பொருள். இறுகு என்பது ஒரு பொருள். வாழ் என்பது ஒரு பொருள். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் பலர், தேங்காயெண்ணெய் ஆண்டிற் பெரும்பகுதி உறைந்தே கிடக்கும் நாடுகளில் உறைகின்றனர். அவர்கள் விடுமுறையில் வரும்போது, உடையும் பேச்சும் மாறிவிட்டன என்று நாம் குறை கூறியதுண்டு. இப்போது அவ்வளவு விரைந்து கூறுவதில்லை. கொழுப்பு மாறியதா என்று மாத்திரம் பாராது, எதனைக் காத்தற்கு மாறியது என்றும் பார்க்கவேண்டும் என்பதைப் பிந்தியே கற்றோம். காப்பதற்கு ஒன்றுமின்றி மாறுவதும் உண்டு; அதனை இசைவாக்கம் என்று எவரும் கூறார். இரண்டையும் பிரித்தறிவதற்குப் பார்ப்பவருக்குப் பொறுமை வேண்டும். ஊரிலேயே இருந்து, ஒன்றையும் மாற்றாது, மார்கழிப் போத்தல் போல் இறுகிப்போன எம்போல்வாரும் அப்பரிசோதனைக்கு விலக்கல்லர்.

இன்று விடைத்தாள் திருத்தும்போது, எமக்குத் தெரியாத துறையிலிருந்து உதாரணம் ஒன்று வருமாயின், ஓரத்தில் ஒரு வினாக்குறி இட்டு, அத்தாளை எடுத்துக்கொண்டு விஞ்ஞான ஆசிரியரிடமோ கணித ஆசிரியரிடமோ செல்கின்றோம். அவர்களும் சலிப்பின்றி விளக்குகின்றனர். அவ்வாறு நாம் கற்றவை பல. சில வேளைகளில் மாணாக்கன் எழுதியது பிழையாகவே இருக்கும். அப்போதும் பிழை எது, பொருத்தமின்மை எது என்று வேறுவேறாக எழுதிக் கொடுக்கின்றோம். எமது கல்லூரி அன்னையின் நிழலிற் கற்பிக்க வந்து, கற்றுக்கொண்டவற்றுள் இதுவும் ஒன்று.

அம்மாணாக்கர் இன்று வளர்ந்து நற்பணி ஆற்றுகின்றார். அவர் பெயரை ஈண்டுக் கூறின் நாணுவார், கூறோம். அந்தப் பழைய விடைத்தாளை அவர் வைத்திருக்கமாட்டார். எனினும் இம்மலர் அவர் கையிற் கிட்டும் என்று நம்புகின்றோம். அவர் பெறவேண்டியிருந்த எஞ்சிய ஆறு புள்ளிகளையும் சேர்த்து, அரிச்சந்திரனுக்கு வழங்கிய அதே 17 புள்ளிகளை அவருடைய பற்றீரியாவுக்கும் ஈண்டு வழங்குகின்றோம். அன்று வாயிலில் நின்று அவர் கேட்ட வினாவுக்கும் விடை கூறிவிடுகின்றோம்: நீர் எழுதியது பிழையுமன்று, பொருத்தமற்றதுமன்று.